வெயிலில் காய்ந்த ரொட்டி

இன்று காலை உன் ஆலிவ் எண்ணெய் பாட்டிலைத் திறந்தேன். மூடி பிசுக்கேறி இறுகிப்போயிருந்தது. துணியைச் சுற்றித் திருகவேண்டியிருந்தது. திறந்ததும் அந்த வாசனை வந்தது, பச்சைப் புல்லைக் கசக்கினாற்போல, தொண்டையில் லேசாகக் காரலாக. ஒருநாள் விருதுநகர் எண்ணெய்க் கடைத் தெருவில், செக்கெண்ணெய் விற்கிறவரின் வாசலிலேயே நின்றுகொண்டு, "எண்ணெய்னா இதுதான் மாப்ள, இவுக விக்கிறதெல்லாம் விளக்குக்கு ஊத்தத்தான்" என்று இந்த பாட்டிலைத் தூக்கிக் காட்டினாய். கல்லாவில் இருந்தவர் கோபப்படவில்லை. விழுந்து விழுந்து சிரித்தார். உனக்கு மோர் வாங்கிக்கொடுத்தார். அதே வார்த்தையை நான் சொல்லியிருந்தால் அன்றைக்கு என் சட்டை என் உடம்பில் இருந்திருக்காது.

நீ போய்விட்டாய், பாட்டில் இருக்கிறது. என் மனைவி எஸ்தர் உள்ளறையில் தூங்குகிறாள். நேற்றிலிருந்து ஆஸ்பத்திரியில் நின்றுவிட்டு வந்தவள், சாயங்காலம் வரை எழமாட்டாள். அதற்குள் இதை எழுதிவிடுகிறேன். நீ இருந்தபோது இதைச் சொல்லியிருந்தால் என் தோளில் கையைப் போட்டுச் சிரித்திருப்பாய். அந்தச் சிரிப்புக்குப் பயந்தே சொல்லவில்லை.

உன்மேல் எனக்குப் பொறாமை. இருந்தது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். இருக்கிறது என்பதுதான் சரி.

நான் வாத்தியார் மகன். நீ விஸ்வநத்தத்தில் பட்டாசுத் திரி காயப்போடுகிறவளின் மகன். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. பரிசெல்லாம் எனக்கு வந்தது, ஆட்களெல்லாம் உன்னிடம் வந்தார்கள். என் அப்பா எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு உன்னிடம் கதை கேட்பார். என் அம்மா கிறிஸ்துமஸுக்குச் சுட்ட முறுக்கில் முதல் தட்டு உனக்குப் போனது, "தகப்பன் இல்லாத பிள்ளை" என்று காரணம் சொல்லி. தகப்பன் இருந்ததற்காக நான் இரண்டாவது தட்டுக்குக் காத்திருந்தேன்.

அப்புறம் நான் எம்.ஏ. படித்தேன், எம்.பில். படித்தேன். கல்லூரி வேலை என்னைவிடக் குறைவாகப் படித்தவர்களுக்குப் போனது. அவர்கள் பெயர் ஒவ்வொன்றும் எனக்கு இன்றும் தெரியும். கடைசியில் சிவகாசியில் ஒரு அச்சகத்தில் நாள்காட்டித் தாள்களுக்கு மெய்ப்புத் திருத்துகிறவனாக உட்கார்ந்தேன். ஊருக்கெல்லாம் நல்ல நேரம் சரியாக அச்சாகியிருக்கிறதா என்று பார்ப்பது என் பிழைப்பு. நீ பிளஸ் டூவில் தவறி, மதுரையில் சமையல் படிப்பு என்று எதையோ முடித்து, கப்பலேறி, இத்தாலியில் ஒரு துறைமுக ஊரில் அடுப்படியில் நின்று, தலைமுடி நரைப்பதற்குள் திரும்பி வந்தாய். விருதுநகர் ஜங்ஷனுக்கு எதிரே காலைச் சிற்றுண்டிக் கடை போட்டாய். இட்லி இல்லை, பொங்கல் இல்லை. மெல்லிசாக அறுத்து வாட்டிய ரொட்டி, மேலே பூண்டு, தக்காளி, முட்டை, இந்த எண்ணெய், ஒரு இலை. இத்தாலியில் பெரிய சாப்பாட்டுக்கு முன்னால் வாய்க்கு ருசி காட்டுவதற்குக் கடிப்பார்களாம். ஏதோ ஒரு வாயில் நுழையாத பெயரைப் பலகையில் எழுதி வைத்திருந்தாய். மிளகாய் வற்றல் கமிஷன் மண்டிக்காரர்கள் அதைப் படிக்கக்கூட இல்லை. "முட்டை ரஸ்க் ரெண்டு குடு" என்றார்கள். நீயும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தாய். இரண்டு மாதத்தில் இந்தக் கடை போண்டியாகும் என்று நான் எஸ்தரிடம் சொல்லியிருந்தேன். தூத்துக்குடி ரயிலில் இறங்குகிறவர்கள் வீட்டுக்குப் போவதற்கு முன்னால் உன் கடையில் நின்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கடைக்கு விடுமுறை. எங்கள் வீட்டுக்கு நீ வருகிற நாள். கோயில் முடிந்து நாங்கள் வருவதற்கும் உன் பைக் வாசலில் நிற்பதற்கும் சரியாக இருக்கும். எஸ்தர் உன்னை அண்ணன் என்றாள். நீ அவளைத் தங்கச்சி என்றாய். ஒருநாள் கொல்லைப்புறத்தில் குத்துச்செடியாக வளர்ந்து கிடந்த திருநீற்றுப்பச்சிலையைப் பார்த்துவிட்டு, இத்தாலிக்காரன் இதைத்தான் தலையில் வைத்துக் கொண்டாடுகிறான் என்று கத்தினாய். "இம்புட்டையும் வச்சிக்கிட்டா மாப்ள நீ தேங்கா துருவிக்கிட்டுக் கெடக்க?" என்று என்னைக் கேட்டாய். யாரோ மாமியாரைக் கேலிசெய்தால் சிரிப்பதைப்போல அவள் வாயைப் பொத்திச் சிரித்தாள்.

என் வீட்டு அடுப்பில், என் வீட்டுச் செடியின் இலையைப் போட்டு நீ செய்ததை நான் ஒருதடவைகூட வாயில் வைத்ததில்லை. அது உனக்குத் தெரியுமோ என்னவோ. பல்வலி என்பேன், வயிற்றில் எரிச்சல் என்பேன், இப்போதுதான் காபி குடித்தேன் என்பேன். நீ வற்புறுத்தமாட்டாய். என் பங்கையும் எஸ்தர் தட்டில் வைத்துவிடுவாய். முன்னறையில் செய்தித்தாளை விரித்துக்கொண்டு, அடுக்களையில் நீ அவளிடம் சொல்வதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பேன். செய்முறை முழுவதும் எனக்கு அப்படித்தான் தெரியும்.

அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

எங்கள் ஊரில் பட்டாசு ஆலை வெடிக்கிற அந்தச் சத்தம் கேட்டால் என்ன நடக்கும் என்று உனக்குச் சொல்லவேண்டியதில்லை. அச்சகத்தில் மெஷின் நின்றுவிடும். எல்லோரும் மொட்டை மாடிக்கு ஓடுவார்கள். புகை எங்கே எழும்புகிறது, புதுப்பட்டிப் பக்கமா, வேறு பக்கமா என்று பார்ப்பார்கள். அக்காவோ மனைவியோ அந்தப் பக்கம் வேலைக்குப் போயிருக்கிறவன் படியிறங்கிப் போவான். எனக்கு அந்தக் கவலை இல்லை. என் மனைவி பட்டாசுக் கம்பெனியில் இல்லை. ஆனால் அந்தச் சத்தம் கேட்ட கொஞ்ச நேரத்தில் அவளுக்கு போன் வரும். அரசு ஆஸ்பத்திரியில் தீக்காயப் பிரிவில் நர்ஸ் அவள். விடுமுறையோ, பகல் பணியோ, ஓடவேண்டும். மறுநாள் காலையில்தான் திரும்புவாள். வந்ததும் கொல்லைப்புறத்தில் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் கால் வைப்பாள்.

அந்தக் காலைகளில் நான் அவளுக்காகச் சுட்ட கத்தரிக்காய்ச் சட்னி செய்வேன். கல்யாணமான புதிதில் அவள் ஆசைப்பட்டுக் கேட்டது அதுதான். கத்தரிக்காயில் எண்ணெய் தடவி, நெருப்பில் காட்டி, தோல் கருகி வெடித்ததும் உரித்து, வற்றலும் புளியும் வைத்து அரைப்பது. சமையலில் நான் கெட்டிக்காரன் இல்லை. ஆனால் அதை மட்டும் பழகிச் செய்துவைத்தேன். அவள் வருவாள். குளித்துவிட்டு வந்து தட்டுக்கு முன்னால் உட்காருவாள். இட்லியை ஒரு விரலால் தொடுவாள். "பசிக்கலங்க" என்று எழுந்துபோய்ப் படுத்துக்கொள்வாள். அடுத்த நாளும் அப்படித்தான். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். மனதுக்குள் அவள்மேல் ஒரு வழக்கே நடத்திக்கொண்டிருந்தேன். கவர்மெண்ட் சம்பளக்காரிக்கு மெய்ப்புத் திருத்துகிறவனின் சட்னி இறங்கவில்லை என்று. அந்தக் கோபத்தோடுதான் பல வருஷம் அவளோடு குடும்பம் நடத்தினேன்.

அந்தச் சனிக்கிழமை சத்தம் கேட்டது. ஞாயிறு காலை அவள் வந்தாள், குளித்தாள், உட்கார்ந்தாள், இட்லியைத் தொட்டாள். அப்போது உன் பைக் வந்து நின்றது. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "தள்ளு மாப்ள" என்று அடுப்பைப் பிடித்துக்கொண்டாய். நல்ல ரொட்டி கொண்டுவந்திருந்தாய். மெல்லிசாக அறுத்து, அந்தத் துறைமுக ஊரில் செய்வதுபோல என்று சொல்லி, இடுக்கியால் பிடித்து நேரே நெருப்பில் காட்டினாய். ஓரம் கருகியது. கறுப்புக் கோடுகள் விழுந்தன. அதைப் பெருமையாகத் திருப்பிக் காட்டினாய். எஸ்தர் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து, கொல்லைப்புறம் போய்த் துவைகல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

எனக்கு அப்போது எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா. ஊரையே மயக்கினவன் செய்ததையும் தள்ளிவிட்டாள். இனி நாம் இருவரும் ஒன்று. ஒரு வாய் காபியை நிதானமாகக் குடித்தேன். என் ஆயுளிலேயே ருசியான காபி அது.

நீ செய்தது என்ன? அடுப்பை அணைத்தாய். சன்னலைத் திறந்தாய். கையைக் கழுவிக்கொண்டு கொல்லைப்புறம் போய், துவைகல்லுக்கு எதிரே தரையில் குத்தவைத்து உட்கார்ந்து, "என்ன தங்கச்சி, என்ன பண்ணுது?" என்று கேட்டாய். அவ்வளவுதான். நானும் பின்னாலேயே வந்து வாசல்படியில் நின்றேன்.

"கருகுற வாடைண்ணே," என்றாள். "வார்டுல இருந்து கூடவே வருது. தலைக்கு ஊத்துனாலும் போகமாட்டேங்கு. எதைச் சுட்டாலும் அதுதான் அடிக்கி."

"நெருப்பே வேண்டாம்னா திம்பியா?"

நீ எழுந்து மிச்ச ரொட்டியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாய். சித்திரை வெயில். தகரத் தட்டில் ரொட்டியை ஒன்றோடொன்று படாமல் பரத்தி, காக்கை வராமல் வெள்ளைத் துணியை மூடினாய். "எங்கம்மா திரி காயப்போட்டதப் பாத்து வளந்தவன் மாப்ள. ஒண்ணுமேல ஒண்ணு படக்கூடாது, பொறட்டிப் போடணும், அம்புட்டுதான்" என்றாய். இந்த ஊர் வெயில் யாருக்கும் எதற்கும் காத்திருக்காது. கொஞ்ச நேரத்தில் ரொட்டி விரலால் தட்டினால் சத்தம் வருகிற பதத்துக்கு வந்துவிட்டது. ஒரு இடத்தில்கூடச் சிவக்கவில்லை.

கீழே வந்து முட்டையை வெந்நீரில் இறக்கினாய். இந்த இடத்தில் அவசரப்படக்கூடாது, சோம்பலும் படக்கூடாது என்று எஸ்தரிடம் சொன்னாய். கூடுதலாக வெந்துவிட்டால் மஞ்சள் கருவைச் சுற்றிச் சாம்பல் வளையம் விழும், கந்தக வாடை வரும். அந்த வாடையும் இந்த வீட்டுக்குள் வேண்டாம் என்றாய். பூண்டையும் ஒதுக்கிவிட்டாய். தக்காளியை விதை நீக்கிப் பொடியாக நறுக்கி, உப்பும் எலுமிச்சம் சாறும் விட்டுப் பிசிறி, ரொட்டிமேல் பரப்பி, மஞ்சள் கரு வழிகிற பதத்தில் முட்டையை அறுத்து வைத்து, எண்ணெயை நூல்போல விட்டு, கிள்ளிய இலையைத் தூவி, தட்டைத் துவைகல்லுக்கே கொண்டுபோய்க் கொடுத்தாய். அவள் ஒன்றைக் கடித்தாள். அந்த முறுமுறுப்புச் சத்தம் வாசல்படி வரை கேட்டது. இன்னொன்றை எடுத்தாள். தட்டு காலியானதும் எழுந்துபோய்ப் படுத்தவள், விளக்கு வைக்கிற நேரம்வரை அசையாமல் தூங்கினாள்.

நான் என்னுடைய சட்னியைக் கொட்டிவிட்டுப் பாத்திரத்தைக் கழுவினேன்.

நீ போனபிறகு அவளிடம் கேட்டேன். இத்தனை வருஷம் என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று. "நீங்க ஆசையாச் செஞ்சு வச்சிக்கிட்டு உக்காந்திருப்பீக. அதப்போய் எப்படிச் சொல்ல?" என்றாள்.

இந்த ஒரு வாக்கியத்தை நான் எவ்வளவு மெய்ப்புப் பார்த்தும் திருத்த முடியவில்லை. என்னிடம் மறைத்தது என் மனது நோகக்கூடாது என்பதற்காக. சரி. உன்னிடம் உடனே சொன்னது எதற்காக? தான் தாங்கிப் பிடிக்கவேண்டிய ஒருவனாக என்னை அவள் வைத்திருந்தாள். உன்மேல் சாய்ந்துகொள்ள முடிந்தது அவளுக்கு. நீ என் வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு போனது அதைத்தான். நீ எடுத்ததாக உனக்கே தெரியாது. அதுதான் இன்னும் எரிச்சல். தெரிந்து எடுத்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

அதற்குப் பிறகு சத்தம் கேட்ட மறுநாள் காலையெல்லாம் நீ வந்தாய். கடையைப் பையன்களிடம் விட்டுவிட்டு விருதுநகரிலிருந்து ரொட்டியோடு வந்தாய். நான் மாடியில் தகரத் தட்டைப் போட்டுவைப்பேன். அது என் வேலை.

பிறகு ஒரு காலையில் கடை ஷட்டரைத் தூக்கப் போனவன் அப்படியே உட்கார்ந்துவிட்டாய் என்றார்கள். உன் அடக்கத்துக்கு வந்த கூட்டம் ஜங்ஷன் சாலையை அடைத்துக்கொண்டு நின்றது. மிளகாய் மண்டிக்காரர் ஒருவர், வயிற்றுப்புண்ணோடு இருந்த தனக்கு நீ காரமில்லாமல் என்னவோ செய்துகொடுத்ததைச் சொல்லி அழுதார். ஒரு ரயில்வேக்காரர் வேறொன்று சொன்னார். ஒவ்வொருத்தரும் தனக்கு மட்டும் நீ ஏதோ செய்தது மாதிரி சொன்னார்கள். நானும் சொல்வேனோ என்று சிலர் என் முகத்தைப் பார்த்தார்கள். வாயைத் திறக்கவில்லை. செத்துக் கிடக்கும்போதும் இத்தனை பேர் நடுவில் நீதான் மாப்பிள்ளை மாதிரி இருந்தாய். எஸ்தர் உன் அக்காமாரோடு உட்கார்ந்து அழுதாள். என் அப்பா சாவுக்குக்கூட அவள் அப்படி அழவில்லை என்று எனக்குள் ஓடியது. அந்த இடத்திலும் அப்படித்தான் ஓடியது.

நேற்று முற்பகலில் சத்தம் கேட்டது. நீ போனபிறகு முதல் தடவை.

மெஷின் நின்றது. எல்லோரும் மாடிக்கு ஓடினார்கள். நான் ஓடவில்லை. கையிலிருந்த தாளை அப்படியே போட்டுவிட்டுச் சைக்கிளை எடுத்தேன். மேலாளர், "சீசன் நேரத்துல எங்க சார் கெளம்பிட்டீக?" என்று கேட்டார். ரொட்டி வாங்க என்றேன். அவர் என்ன நினைத்தாரோ, மறுபடி கேட்கவில்லை. பேக்கரியில் பால் ரொட்டி வேண்டாம், உப்பு ரொட்டி கொடு என்று வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது எஸ்தர் ஏற்கெனவே போயிருந்தாள். அவளுடைய செருப்பு இல்லை. ரொட்டியை மெல்லிசாக அறுத்து, மாடியில் தகரத் தட்டில் ஒன்றோடொன்று படாமல் பரத்தினேன். வடக்கே புகை இன்னும் நின்றுகொண்டிருந்தது. அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ரொட்டி காய்கிறவரை அங்கேயே உட்கார்ந்து புரட்டிப் புரட்டிப் போட்டேன். காய்ந்ததும் டப்பாவில் இறுக மூடிவைத்தேன். ஒன்றைக்கூடக் கடித்துப் பார்க்கவில்லை.

நல்லவேளை. சாயங்காலமே மேகம் போட்டுவிட்டது. இன்று காலை விடிந்ததே தெரியவில்லை. தூறல். நீ இருந்து ரொட்டியோடு வந்திருந்தாலும் இன்றைக்கு உனக்கு வெயில் கிடைத்திருக்காது. இதை நினைத்துக்கொண்டேதான் உன் பாட்டிலைத் திறந்தேன்.

இன்னொன்று. போன மாதம் இந்த பாட்டிலில் எண்ணெய் அடியைத் தொட்டுவிட்டதைப் பார்த்து, வேறு வாங்கலாம் என்று ஊரெல்லாம் கேட்டேன். மருந்துக்கடையில்தான் இருந்தது, சின்ன டப்பாவில். "பேரப்பிள்ளைக்குத் தேய்க்கவா சார்?" என்று கேட்டான். திரும்பி வந்துவிட்டேன். ஆகையால் இன்றைக்கு உன் எண்ணெய்தான்.

எஸ்தர் வந்தாள். குளித்துவிட்டு உள்ளே வந்தவள் மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். அடுக்களையில் ஒரு வாடையும் இல்லை. உட்கார்ந்தாள். தட்டை வைத்தேன். முட்டையில் சாம்பல் வளையம் இல்லை. தக்காளியும் இலையும் நீ வைத்த மாதிரியேதான் வைத்திருந்தேன். அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அடுப்பு மேடையைத் துடைத்தேன். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தேன். பசிக்கவில்லை என்று எழுந்துவிட்டால், வாடை ஒரு காரணமில்லை, நான்தான் காரணம் என்று ஆகிவிடும். அதற்குப் பிறகு எனக்குச் சாக்கு எதுவும் மிச்சமிருக்காது.

முறுமுறுப்புச் சத்தம் கேட்டது.

ஒன்றைத் தின்று முடித்தபிறகு, "அண்ணன் எலுமிச்சம் பழம் இன்னுங் கொஞ்சம் பிழிவாக," என்றாள்.

வந்துவிட்டாய். என் வீட்டுத் தட்டில், செத்தபிறகும். அவள் இரண்டாவதை எடுத்தாள். கடிக்கப் போனவள் நிறுத்தினாள்.

"காலையிலயிருந்து தூத்தலாக் கெடக்கே. இத எப்பக் காயப்போட்டீக?"

"நேத்து. சத்தம் கேட்டதும்."

அவள் என்னைப் பார்த்தாள். நிறைய நேரம் பார்த்தாள். நேற்று அந்த வார்டில் என்னென்ன பார்த்துவிட்டு வந்த கண்களோ. "எல்லாரும் அங்கன ஓடியிருப்பாக," என்றாள் மெதுவாக. "நீங்க ரொட்டி வாங்கப் போயிருக்கீக."

பிறகு தட்டை என் பக்கம் நகர்த்தினாள். "நீங்க ஒருதடவகூட இதத் தின்னதே இல்லையே. உக்காருங்க."

ஆக அவளுக்குத் தெரிந்திருக்கிறது. உனக்கும் தெரிந்திருக்கும். இருவரும் சேர்ந்து என்னை விட்டுப்பிடித்திருக்கிறீர்கள். அதையும் கணக்கில் வைத்துக்கொள்கிறேன். எனக்கு மறதி கிடையாது என்று உனக்குத் தெரியும்.

உட்கார்ந்தேன். ஒன்றை எடுத்துக் கடித்தேன். ரொட்டி முதலில் எதிர்த்து நின்று பிறகு உடைந்தது. தக்காளியின் குளிர்ச்சி வந்தது. மஞ்சள் கரு இளகிப் பரவியது. கடைசியில் தொண்டையில் உன் எண்ணெயின் காரல். எஸ்தர் கையைக் கழுவிக்கொண்டு படுக்கப் போனாள். தட்டில் ஒன்று மிச்சமிருந்தது. வீட்டில் யாரும் பார்க்கவில்லை. அதையும் எடுத்துக்கொண்டேன்.

எலுமிச்சம் பழம் இன்னும் கொஞ்சம் பிழிந்திருக்கலாம்தான்.